பொய்க்காரி சொன்ன பத்து நிமிடம்

ரஜிதாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும், அவள் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கொம்பியூட்டர் வேலைக்கு வந்த பெருமையைத்தான் எழுதுவார்கள். போன வருடம் ஒருத்தர் அப்படியே எழுதிக்கொண்டு போனார், படமும் எடுத்தார். எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. ஆறு வருடமாக அவளுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறேன். சாதித்த பிள்ளை என்று சொல்லி அவளைப் படத்துக்குச் சிரிக்க வைப்பது ஒரு வகை ஏமாற்று. அவள் அடிக்கிற பிள்ளை. அதிலிருந்து தொடங்கினால்தான் சரி.

பதினொரு வயதில் தன் அப்பாவின் தலையில் விறகுக் கட்டையால் அடித்திருக்கிறாள். அவர் அம்மாவின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தாராம். கட்டை அவர் காதில் பட்டது. அவர் திரும்பி, அதே கட்டையைப் பிடுங்கி இவளுக்குப் போட்டார். இவளுடைய இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற தழும்பு அன்றைக்கு வந்தது. கேட்டால், "அவருக்குக் காது போச்சி, எனக்குப் புருவம் போச்சி, கணக்கு சரி" என்பாள். சரியாகவில்லை என்பது பக்கத்தில் இருக்கிற எனக்குத் தெரியும். யாராவது கதவை அடித்துச் சாத்தினால், அவள் கை முதலில் மேசையில் கனமான சாமான் எது என்று தேடும்.

நான் நிஷ்மியா. மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். வாப்பாவுக்கு மிளகு, கராம்பு வியாபாரம். ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் ஸுஹைல் நானா நடத்துகிற ஆறு மேசை மென்பொருள் அலுவலகத்தில் நான் புரோகிராம் எழுதுகிறவள், ரஜிதா அதை உடைக்கிறவள். நான் எழுதியது எங்கே சறுக்கும், எங்கே செத்து விழும் என்று தேடிப் பிடிப்பதுதான் அவள் வேலை. அவளைப் போல அந்த வேலையைச் செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு பட்டனை ஒரு தரம் அழுத்த மாட்டாள், நாற்பது தரம் அழுத்துவாள். வேலை நடக்கும்போதே வைஃபையைப் பிடுங்குவாள். கடைசியில், "ராத்தா, ஒங்க புரோகிராமக் கொன்னுட்டேன், வந்து பொணத்தப் பாருங்க" என்று கூப்பிடுவாள். நாங்கள் அக்காவை ராத்தா என்று சொல்வதைக் கேட்டு அவளும் என்னை அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

போன வருடம் கண்டியிலிருந்து ஒரு பெண்கள் அமைப்பு வந்தது. வீட்டில் அடி வாங்குகிற பெண்கள் ஃபோனில் எழுதி உதவி கேட்க ஒரு வழி வேண்டும் என்றார்கள். வாய் திறந்து பேசினால் அவனுக்குக் கேட்கும், எழுதினால் கேட்காது. அமைப்பின் இணையப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன உரையாடல் பெட்டி இருக்கும். தொட்டால் திறந்து பெயரைக் கேட்கும். அதன் பிறகு எழுதுவது அமைப்பின் சேர்வருக்குப் போகும், அங்கே முறை வேலையில் இருக்கிற பெண்களின் ஃபோன் அலறும். அவர்கள் பதில் எழுதுவார்கள், தேவையென்றால் ஆளையும் அனுப்புவார்கள்.

பெட்டி எங்கள் வேலை. சேர்வர் வேறு ஆட்களின் வேலை, அது அப்போது முடியவில்லை. முடிந்திருந்தாலும், ஒரு நாளைக்கு முந்நூறு தரம் "என்னைக் காப்பாற்றுங்கள்" என்று அனுப்பி அந்தப் பெண்களைத் துடிக்க வைக்க ஏலாது. அதனால் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். உண்மையான சேர்வரைப் போலவே பேசுகிற ஒரு போலியைச் செய்து பெட்டியை அதோடு இணைத்துவிட்டோம். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. அது கேட்கும், போலி பதில் சொல்லும். நாங்கள் எழுதி வைத்த பதிலை மட்டும் சொல்லும், எழுதி வைத்த வரிசையில் சொல்லும். தொழிலில் அதற்கு மொக் ஏபிஐ என்று பெயர். ரஜிதா அதற்குப் பொய்க்காரி என்று பெயர் வைத்தாள்.

பொய்க்காரியின் வாய்க்கு வார்த்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். அமைப்பு தந்த மாதிரிக் குறிப்பில், 'பாதுகாப்பான அறைக்குச் சென்று கதவைப் பூட்டிக்கொள்ளவும்' என்று ஒரு வரி இருந்தது. வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"எந்த அறைக்கு ராத்தா போறது? எங்க லயத்துல ஒரு காம்பரா, ஒரு கதவு. அவனும் அந்தக் கதவாலதான் வருவான்."

"அப்ப அத மாத்து புள்ள."

"மொக்குதானே, இருந்துட்டுப் போவுது. அசல் வாற நேரம் அவங்ககிட்ட சொல்லிக்குவோம்."

மூன்று பதில்கள் எழுதினாள், பேச்சுத் தமிழில், ஒரு தங்கச்சி பேசுகிற மாதிரி. முதல் தரம் எழுதினால், 'ஒங்க செய்தி கெடச்சிருச்சி. நாங்க ஒங்க கூடவே இருக்கோம்' என்று வரும். இரண்டாம் தரத்துக்கு, 'ஆள் வந்துக்கிட்டு இருக்காங்க. கதவப் பூட்டிக்கிட்டு இருக்கிற எடத்துலயே இருங்க.' மூன்றாவது, 'இன்னும் பத்து நிமிசம்.' அதற்குப் பிறகு நான் எதுவும் வைக்கவில்லை. நாலாம் தரம் கேட்டாலும் நாற்பதாம் தரம் கேட்டாலும் அதே பத்து நிமிசம்தான். சோம்பல், வேறென்ன சொல்ல.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருந்தது. மற்ற அலுவலகங்களில் சோதிக்கிறவர்கள் 'டெஸ்ட் டெஸ்ட்' என்றோ நாலு எழுத்தைக் கண்டபடி தட்டியோ அனுப்புவார்கள். ரஜிதா அதை விடமாட்டாள். உயிருக்குப் பயந்தவள் அப்படியா எழுதுவாள் என்று கத்துவாள். பிழையோடு எழுத வேண்டும், பாதியில் நிறுத்த வேண்டும், ஒரு பேச்சை மூன்றாக உடைத்து அனுப்ப வேண்டும், அப்போதுதான் பெட்டியின் உண்மையான ஓட்டை தெரியும் என்பாள். அது சரியும்தான். 'மண்ணெண்ணெய எடுத்துட்டாரு', 'புள்ளயத் தூக்கி வீசிட்டாரு' என்று எழுதுவாள். பெயர் கேட்கிற இடத்தில் தன் லயத்து ஆட்களின் பெயர்களையே வரிசையாகப் போடுவாள். நாளடைவில் எங்களுக்குள் அது போட்டியாகிவிட்டது. அன்றைக்கு நல்லாய்க் கூச்சல் எழுதியவளுக்கு மற்றவள் ஒரு மாலுபணிஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும். மீன் வைத்த பணிஸ், கீழே பேக்கரியில் சூடாக இருக்கும். மற்றவர்களின் மரண பயத்தை வைத்து நாங்கள் பணிஸ் தின்றோம். எழுதவே கை கூசுகிறது.

பக்கத்தின் மேலே 'இது சோதனை' என்று ஒரு சிவப்புப் பட்டி போட்டிருந்தேன். சின்ன ஃபோன்களில் அது அனுப்புகிற பட்டனை மறைக்கிறது என்று ரஜிதா பிழைப் பட்டியலில் எழுதினாள். பட்டனை நகர்த்தியிருக்கலாம். நான் பட்டியைக் கழற்றிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரஜிதா வீட்டுக்குப் போனபோது லயத்தில் ஐந்து பேருக்கு அந்த லிங்கை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். டவுன் சிக்னலில் பார்த்தால் போதாது, மலையில் சிக்னல் செத்துச் செத்துப் பிழைக்கும்போதும் பெட்டி ஓட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். 'இது சும்மா டெஸ்ட்டு, ஏதாச்சும் எழுதிப் பாருங்க' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாள். ஐந்து பேரில் ஒருத்தி லிங்கை மட்டும் எடுத்து, 'அடி வாங்குற பொம்பளைங்க இதுல எழுதுங்க, ஆள் வருவாங்க' என்று சேர்த்துத் தோட்டத்துப் பெண்கள் குழுவில் போட்டுவிட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

புதன்கிழமை காலை. சோதனைக்குப் பழைய ஃபோன்கள் எடுத்து வர ஃபோன் திருத்துகிற கடைக்கு ரஜிதா போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன். பொய்க்காரியிடம் வருகிறதும் அவள் சொல்கிறதும் என் திரையில் வரி வரியாக ஓடும். பத்து நாற்பத்திரண்டுக்கு ஒன்று வந்தது. பெயர், புஷ்பவதி.

'யாராச்சும் இருக்கீங்களா'

'ஒங்க செய்தி கெடச்சிருச்சி. நாங்க ஒங்க கூடவே இருக்கோம்.'

'இவரு வேலைக்கிப் போகல. பீலிக்கிட்ட ஒக்காந்து கவ்வாத்துக் கத்தி தீட்டுறாரு. இன்னக்கி ஒன்ன வெட்டுவேங்குறாரு'

கவ்வாத்துக் கத்தி என்றால் தேயிலைச் செடியை அடியோடு நறுக்குகிற கத்தி. பெருவிரல் தடிமன் கட்டையை ஒரே வீச்சில் எடுக்கும். ரஜிதா கடையில் நின்றுகொண்டே எழுதுகிறாள் என்று நினைத்தேன். வெளியே போனாலும் அவள் அப்படிச் செய்வது வழக்கம். லயத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலியைக் கூட விடாமல் போட்டிருக்கிறாளே என்று எனக்கு மெச்சிக்கொள்ளவும் தோன்றியது. பொய்க்காரி தன் இரண்டாவது பதிலைச் சொன்னாள், பூட்டிக்கொண்டு அங்கேயே இருக்கச் சொன்னாள்.

'சரி பூட்டிட்டேன்'

'இன்னும் பத்து நிமிசம்.'

பத்து ஐம்பத்தெட்டுக்கு, 'வந்துட்டாங்களா'. இன்னும் பத்து நிமிசம். பதினொன்று ஒன்பதுக்கு, 'கதவ ஒதைக்கிறாரு'. இன்னும் பத்து நிமிசம். பதினொன்று பதினேழுக்கு, 'தாப்பா கழலுது'. இன்னும் பத்து நிமிசம். பதினொன்று இருபத்தொன்றுக்கு, 'எந்த வளைவுல வாறீங்க'. இன்னும் பத்து நிமிசம்.

பிறகு, 'கோவிச்சிக்காதீங்க. வெரசா வாங்க'.

அதை வாசித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், சிரித்தேன். வெட்ட வருகிறவன் வாசலில் நிற்கும்போது உதவிக்கு வருகிறவர்களிடம் கோவிச்சிக்காதீங்க என்று எழுதுகிறாளே, இதையெல்லாம் இவள் எங்கேயிருந்து பிடிக்கிறாள் என்று சிரித்தேன். ஃபோனை எடுத்து, 'இன்டைக்கு பணிஸ் ஒனக்குத்தான்' என்று அவளுக்கு அனுப்பினேன். அனுப்பி இரண்டு நிமிடத்தில் அவளே ஏறி வந்தாள், இரண்டு கையிலும் ஃபோன் நிறைந்த பைகள்.

"ஒன்ட கூச்சல் உச்சம் புள்ள," என்றேன். "புஷ்பவதி."

"எந்தக் கூச்சல்?"

"இப்ப அனுப்பினியே."

"நா ஒன்னும் அனுப்பல ராத்தா. என் ஃபோன் பேக்குக்குள்ள கெடக்கு. ரெண்டு கையிலயும் சாமான்."

என் வட்ஸ்அப்பைப் பார்த்தேன். நான் அனுப்பிய பணிஸை அவள் இன்னும் வாசித்திருக்கவில்லை.

பைகளைத் தரையில் போட்டுவிட்டுத் திரையை வாசித்தாள். ஒரு தடவைதான் வாசித்தாள். புருவத்துத் தழும்பு வெளிறிப்போனது.

"புஷ்பவதி அக்கா. எங்களுக்கு அடுத்த லயம். நா ஞாயித்துக்கெழம போன நேரமே காச்சல்னு படுத்திருந்தாங்க. ராத்தா, அக்கா புருசன் இந்திரகுமாரு வெட்டுவான். சொன்னா வெட்டுவான்."

புஷ்பவதியின் நம்பர் ரஜிதாவிடம் இல்லை. முதலில் அவருக்கு எழுத வேண்டும் என்று விசைப்பலகையைப் பிடுங்கினாள். எழுத இடமே இல்லை. பொய்க்காரிக்குப் பின்னால் ஆள் உட்காருகிற நாற்காலியை நாங்கள் செய்யவே இல்லை. கேட்டால் பதில் சொல்லும், தானாகப் பேசாது. எங்களால் செய்யக்கூடியது ஒன்றுதான். மூன்றாவது பதிலை அழித்துவிட்டு வேறு எழுதி வைக்கலாம். அடுத்த தரம் அவள் எதையாவது அனுப்பினால் அது போகும்.

"சொல்லு, என்ன எழுத?" என்றேன்.

"ஆள் யாரும் வரல அக்கா. கையில கெடச்சத எடுத்து அடிங்க. தலையிலயே அடிங்க."

அப்படியே எழுதிச் சேமித்தேன். பதினொன்று முப்பது. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீங்கள் ஒன்றும் பெரிதாக எழுத வேண்டாம் தாயே, ஒரு புள்ளி வைத்து அனுப்பினாலும் போதும் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். எதுவும் வரவில்லை.

ஸுஹைல் நானா பொலிஸுக்கு அறிவித்தார். ரஜிதா லயத்து ஆட்கள் ஒவ்வொருவருக்காய்க் கோல் எடுத்தாள். கொழுந்து எடுக்கிற நேரம், எல்லா ஃபோனும் வீட்டில் கிடந்து அடித்தது. கடைசியில் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்தில், பொறுப்பாக இருக்கிற அக்கா எடுத்தார். அது புஷ்பவதியின் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். இவள் அலறியதைக் கேட்டதும் அந்த அக்கா ஃபோனை வைக்காமலே, கொழுந்து எடுக்கிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு மலையைப் பார்த்து ஓடியது எனக்கும் கேட்டது. நாங்கள் கீழே கடை வாசலில் வாடகைக்கு நிற்கிற ஷிஃபானின் ஓட்டோவில் ஏறினோம்.

முக்கால் மணி நேரப் பாதையை ஷிஃபான் அரை மணியில் ஏறினான். வழி முழுக்க ரஜிதா முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் நெற்றியால் இடித்துக்கொண்டே வந்தாள்.

நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கதவு காம்பராவுக்குள் விழுந்து கிடந்தது. சீமெந்துத் தரையில் இரத்தம் வாசல்வரை இழுபட்டிருந்தது. புஷ்பவதி சுவரில் சாய்ந்திருந்தார், நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. இரண்டு பெண்கள் கம்பளியால் அவர் இடது கையைச் சுற்றி அழுத்திப் பிடித்திருந்தார்கள். தோளில் ஒரு வெட்டு, முதுகில் ஒரு வெட்டு. மூன்றாவதைக் கையால் தடுத்திருக்கிறார். விரல் இரண்டு போய்விட்டது. ஒருத்தி அவற்றைத் தேடியெடுத்து ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கட்டி, என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவனை லயத்து முன்னால் அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போட்டிருந்தார்கள். மலையிலிருந்து ஓடிவந்த முப்பது நாற்பது பெண்கள் கானின் இரண்டு பக்கமும் நின்று மட்டக்கம்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். செடியின் மட்டம் பார்க்க அவர்கள் கொண்டு திரிகிற கம்பு அது. நீளமானது, அடித்தால் வளையும், உடையாது. யாரும் கத்தவில்லை. கொழுந்து எடுக்கிற மாதிரியே கை வீசி, வரிசையாக அடித்தார்கள். கத்தி புல்லில் கிடந்தது.

ரஜிதா ஒருத்தியிடமிருந்து கம்பைப் பிடுங்கிக்கொண்டு கானுக்குள் குதித்தாள். வாயில் அடித்தாள். பல் தெறித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவன் கையால் முகத்தை மூடினான், அந்தக் கையில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. "பத்து நிமிசம்! பத்து நிமிசம்!" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னாள். மற்றப் பெண்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள், அவள் என்ன சொல்கிறாள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவள் யாரை அடிக்கிறாள் என்றும் விளங்கியது. ஷிஃபானும் நானும் கானுக்குள் இறங்கி இழுத்தோம். என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். அப்புறம்தான் விட்டாள். பொலிஸ் ஜீப் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது. பிறகு ஹொஸ்பிட்டலிலிருந்து தாடையைக் கட்டிக்கொண்டுதான் விளக்கமறியலுக்குப் போனான். எனக்குத் துளியும் இரக்கம் வரவில்லை.

புஷ்பவதியை ஷிஃபானின் ஓட்டோவிலேயே ஏற்றி மாத்தளை ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டு போனோம். விரல்களை ஒட்ட முடியவில்லை. உயிர் தப்பியது.

ரஜிதா வேலையை விடுவாள் என்று ஸுஹைல் நானா நினைத்தார். விடவில்லை. மறுநாள் காலை எனக்கு முன்னே வந்து உட்கார்ந்து, பொய்க்காரியின் பதில்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே பதிலை வைத்தாள்: 'இங்க யாரும் இல்ல. இது சோதனை. உசுருக்கு ஆபத்துன்னா இப்பவே வெளிய ஓடுங்க, பொலிஸுக்குக் கோல் பண்ணுங்க.' கடவுச்சொல் இல்லாமல் பக்கம் திறக்காதபடியும் என்னைச் செய்ய வைத்தாள். சிவப்புப் பட்டியை நானாகவே திரும்பப் போட்டேன், இந்தத் தரம் பட்டனை நகர்த்தினேன். அரை மணி நேர வேலை அது.

ஐந்தாம் நாள் ஹொஸ்பிட்டல் வாட்டுக்குப் பார்க்கப் போனோம். படியேறும்போது நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

"கேட்டா, கொழும்பில ஒரு புள்ள பதில் எழுதின எண்டு சொல்லு. வார வழியில வாகனம் பழுதான எண்டு சொல்லு. அவங்களுக்கும் ஆறுதலா ஈக்கும்."

அவள் எனக்கு முன்னே வாட்டுக்குள் நுழைந்தாள்.

புஷ்பவதி தலையணையில் சாய்ந்திருந்தார். இடது கை பெரிய கட்டோடு மடியில் கிடந்தது. ரஜிதாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. என்னையும் உட்காரச் சொன்னார்.

"ரஜிதா, எனக்குப் பதில் போட்டுச்சே ஒரு புள்ள, அது யாரு? நா எழுத எழுத ஒடனே ஒடனே பதில் போட்டுச்சி. என் கூடப் பொறந்தவகூட அப்பிடிப் போட மாட்டா. அது இல்லாட்டி நா பயத்துலயே செத்திருப்பேன். அந்தப் புள்ளய ஒரு தடவ பாக்கணும்."

நான் ரஜிதாவின் கையை அழுத்தினேன்.

"அப்பிடி ஒரு புள்ள இல்லக்கா," என்றாள். "அது மெசினு. என்ன கேட்டாலும் அதையேதான் சொல்லும். நாங்க டெஸ்ட்டுக்குச் செஞ்சது. அந்தப் பதில நாந்தான் எழுதி வச்சேன்."

புஷ்பவதி மடியில் கிடந்த கைக்கட்டைப் பார்த்தார்.

"அப்ப ஆளு அனுப்பலயா?"

"இல்லக்கா."

"கதவப் பூட்டிக்கிட்டு இருன்னு சொன்னது?"

"நாந்தான் எழுதுனேன்."

"அவரு பீலிக்கிட்ட இருந்த நேரம் கதவு தொறந்துதான்டி கெடந்துச்சி. நா பிள்ளைக் காம்பராவுக்கு ஓடியிருப்பேன். ஆளு வாராங்கன்னுதான் பூட்டுனேன். அடுப்புக்கிட்ட கோடாலி கெடந்துச்சி. அதையும் எடுக்கல. ஆளுங்க வந்துருவாங்க, நம்ம எதுக்கு அடிக்கணும்னு ஃபோனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்." அவர் குரல் ஏறவில்லை. "நா எழுதுனத ஒருத்தருமே பாக்கலயா?"

அது ரஜிதா சொல்ல வேண்டிய பதில் இல்லை. நான் எழுந்து நின்றேன்.

"நான் பாத்த," என்றேன். "தொடக்கத்திலேயிருந்தே எல்லாத்தையும் வாசிச்ச. ரஜிதாதான் வெளையாட்டுக்கு எழுதுற எண்டு நெனச்ச."

சிரித்ததை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

புஷ்பவதி வலது கையால் ரஜிதாவின் கன்னத்தில் அறைந்தார். அடுத்த கட்டில்காரி எழும்பி உட்காருகிற அளவுக்குச் சத்தம் கேட்டது. மறுபடி ஓங்கினார், தையல் இழுத்ததில் கை எட்டவில்லை. ரஜிதா கட்டிலோடு ஒட்டிக் குனிந்து முகத்தைக் காட்டினாள். அதற்கும் ஒன்று விழுந்தது. அதற்கப்புறமும் ஒன்று. "நாசமாப் போறவளே, ஒன்ன நம்பிக்கிட்டுல்ல ஒக்காந்திருந்தேன்," என்று சொல்லிச் சொல்லி அடித்தார். கடைசியில் அடித்த கையாலேயே அவள் பின்கழுத்தைப் பிடித்து நெஞ்சோடு இழுத்துக்கொண்டு அழுதார். ரஜிதாவும் அழுதாள். ஆறு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் அங்கேயே நின்றேன். எனக்கும் விழும் என்று நின்றேன். விழ வேண்டும் என்றுதான் நின்றேன். ஒரு அறை கிடைத்திருந்தால் இந்த ஒரு வருடமும் எனக்கு வேறு மாதிரிப் போயிருக்கும்.

கொஞ்ச நேரம் போய்ப் புஷ்பவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தோட்டத்து மனிதர்கள் டவுன் ஆட்களோடு பேசுகிற அந்த மரியாதைக் குரல் அவருக்கு வந்துவிட்டது.

"நீங்க போங்க மிஸ்," என்றார். "ஒங்களுக்கு நேரமாயிரும்."